பனியின் பதம்



டில்லியிலும் சண்டிகரிலும் மும்பையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, மாசித் திங்கள் பிறந்ததும் காஷ்மீரப் பயணத்துக்கு ஆயத்தமாகின்றன. குழந்தைகளின் தேர்வு முடிந்த கையோடு பங்குனியிற் செல்வோரும் உளர். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு நேரே ரெயில் ஓடத் தொடங்கியபின், இப்பயணம் முன்னைவிட எளிதாகிவிட்டது. அவ்வாறு செல்வோர் குல்மார்க்கை அடைந்ததும் காண்பது கண்ணெட்டும் தொலைவெங்கும் வெண்மை. ஸ்கீ என்னும் நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு ஆடவரும் பெண்டிரும் மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கி வருகின்றனர். நாமும் இதில் ஒரு கை பார்க்கலாமே என்னும் ஆசை எவருக்கும் எழுவது இயல்பு.

அந்த வேளையில் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. பனி இருக்கிறதா என்பதன்று அவ்வினா. பனி என்ன பதத்தில் இருக்கிறது என்பதே. குளிர்காலத்தின் நடுவில் காலையில் உள்ள பனியே பெரும்பாலும் மாலையிலும் இருக்கும். மாசியின் பிற்பகுதியிலும் பங்குனியிலும் அப்படியன்று. காலையிற் கண்ணாடிபோல் இறுகியிருந்த சரிவு, முற்பகலில் வெண்ணெய்போல் இளகி, பிற்பகலில் சேறாகிவிடுகிறது. ஒரே நாளில் மும்முறை தன்மை மாறும் இப்பனியை அளந்தறிவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பீர்பஞ்சால் மலைத்தொடரின் மடியில், ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்த புல்வெளி குல்மார்க். மலர்ப் புல்வெளி என்பது அப்பெயரின் பொருள். 1927ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் இங்கு ஒரு ஸ்கீ சங்கத்தை நிறுவினர். புல்வெளிக்கு மேலே காவலன்போல் நிற்பது அபர்வத் மலை. அதன் மேலேற உதவுவது கண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி. அதன் முதற் கட்டம் 1998இல் திறக்கப்பட்டது; 3,000 மீட்டருக்குச் சற்று மேலுள்ள கொங்டூரி வரை அது செல்கிறது. 2005இல் தொடங்கிய இரண்டாங் கட்டமோ 4,000 மீட்டரை நெருங்கும் உயரத்துக்கு நம்மைக் கொண்டு சேர்க்கிறது.

இவ்வுயர வேற்றுமையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் பொதுவாக ஆறு அல்லது ஏழு பாகை குறைகிறது. ஆகவே, குல்மார்க் புல்வெளியில் பனி உருகி வாய்க்காலாய் ஓடும் வேளையிலும் அபர்வத்தின் தோளில் அது உறைந்தே கிடக்கலாம். கீழே விடுதி வாசலில் நின்று மேலுள்ள பனியைத் தீர்மானிப்பது, அடுப்பங்கரையில் நின்று மொட்டைமாடியின் வெயிலை மதிப்பதுபோலாம்.

நாம் பிறந்த ஊர்களில் பனி என்றால் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. மார்கழி விடியலில் வாசல் தெளிக்கச் செல்லும் பெண்டிர் தலையில் முக்காடிட்டுக்கொள்வது அந்தப் பனிக்காகத்தான். ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றனர். இரவின் பிற்பகுதியிற் பனி மிகும் காலம் என்பது அப்பெயருக்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. காஷ்மீர மலையின் வெண்பனியை மனத்திற்கொண்டு வைத்த பெயரன்று அது. ஆயினும், பங்குனி மாதத்துப் பனிச்சறுக்கின் இரகசியம் முழுவதும் அவ்விரு சொற்களில் அடங்கியிருக்கக் காண்கிறோம். இரவின் பிற்பகுதி எவ்வாறு கழிந்ததோ, அதைப் பொறுத்தே மறுநாட் பனி அமைகிறது.

அதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். வானிலிருந்து புதிதாய் வீழ்ந்த பனி மிக இலேசானது. அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பனிக்கட்டி, எஞ்சியது காற்று. கூரிய கிளைகளையுடைய சிறு விண்மீன்கள்போன்ற அதன் துகள்கள், நாட்செல்லச் செல்ல முனை மழுங்கி ஒன்றோடொன்று நெருங்குகின்றன. மார்ச்சு மாதத்தில் வெயில் வலுக்கிறது. பகலில் மேற்பரப்பு உருகி, துகள்களைச் சுற்றி நீர் படர்கிறது. இரவில் அந்நீர் உறைந்து துகள்களைப் பிணைக்கிறது. பகலில் உருகுதலும் இரவில் உறைதலுமாகப் பல நாள் கழிந்தபின், மெல்லிய துகள்களெல்லாம் மறைந்து, சவ்வரிசி அளவினவான உருண்டை மணிகள் உண்டாகின்றன. இதனைக் குருணைப் பனி என்று நாம் அழைக்கலாம். இப்போது அதன் கன அளவில் ஏறத்தாழப் பாதி பனிக்கட்டியாகவே இருக்கும்.

இக்குருணைப் பனி விடியலில் ஒரே பாளமாக இறுகிக் கிடக்கும். வெயில் ஏற ஏற, மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியிலுள்ள பாளம் உறுதியாகவே நிற்கும். அந்த நிலையே பதம். பலகையின் ஓரம் எளிதிற் பற்றுகிறது. திரும்புவதற்கு முயற்சி வேண்டுவதில்லை. வீழ்ந்தாலும் அடி படுவது குறைவு. மாவுபோன்ற தைமாதப் பனியைவிட இதனையே விரும்பும் சறுக்கு வீரர்கள் பலர். ஆனால் வெல்லப்பாகு வைத்தவர்கள் அறிவார்கள், பதம் என்பது நெடுநேரம் காத்திருப்பதன்று என்பதை. ஒரு சரிவில் அந்நிலை ஒரு மணி நேரம் நிற்கும்; சில நாள் இரண்டு மணி நேரம் நிற்கும். பின்னர் அடிப்பாளமும் இளகத் தொடங்கிவிடும்.

ஆகவே மதிப்பீடு முந்திய இரவிலேயே தொடங்குகிறது. படுக்கப்போகுமுன் விடுதிக்கு வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். விண்மீன்கள் தெளிவாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் நன்று. பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை இடைவிடாது வானுக்கு வீசிக்கொண்டே இருக்கிறது. மேகமற்ற இரவில் அவ்வெப்பம் திரும்பி வாராது வெளியேறிவிடுவதால், காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு அதற்குக் கீழே குளிர்ந்து இறுகிவிடும். மேகம் மூடிய இரவிலோ, அம்மேகம் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது, பனி உறைவதில்லை. நம் ஊர்களிலும் வானம் தெளிந்த இரவிலேயே பனித்துளி மிகுதியாக இறங்கும்; மேகமூட்டமுள்ள இரவில் இறங்காது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

இரவு முழுதும் உறையாத பனியில் மறுநாள் காலையிற் சறுக்கச் செல்லுதல் கூடாது. இதனை விதியாகவே கொள்ளலாம். பனிக்கட்டி ஒரு கிராம் உருகுவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீரை உறைநிலையிலிருந்து 80 பாகை வரை சூடாக்கப் போதுமான வெப்பம் அது. இரவில் தடித்த பாளமாக உறைந்த பனி, மறுநாள் வெயிலை எதிர்த்து நிற்க அவ்வளவு முதலைச் சேர்த்துவைத்திருக்கிறது. உறையாத பனிக்கோ அந்த முதல் இல்லை. காலை ஒன்பது மணிக்கே அது கடனாளியாகிவிடுகிறது.

அடுத்து அறிய வேண்டியது, சரிவு எத்திசையை நோக்கியது என்பது. கிழக்கு நோக்கிய சரிவில் வெயில் முதலில் விழுகிறது. அது முதலிற் பதமாகி முதலிற் கெடுகிறது. தெற்கு நோக்கியது அதன்பின். மேற்கு நோக்கியது பிற்பகலில். வடக்கு நோக்கிய சரிவில் பனி நெடுநாள் குளிர்காலத் தன்மையுடனேயே இருக்கும். அபர்வத்தில் கண்டோலாவையொட்டிக் குல்மார்க்கை நோக்கியிருக்கும் பெருஞ்சரிவு பெரும்பாலும் கிழக்குப் பார்த்தது. ஆதலால் அங்கே காலை நேரத்துக்கு மதிப்பு மிகுதி. அயல்நாட்டு நூல்களிற் காணும் மணிக்கணக்கை அப்படியே கொள்ளவும் ஆகாது. நாடெங்கும் நமக்கு ஒரே கடிகாரம்; ஆனால் குல்மார்க்கில் ஞாயிறு உச்சிக்கு வருவது சென்னையைவிட ஏறத்தாழ 24 நிமிடம் பிந்தி. மார்ச்சு நடுவில் அங்கே உச்சிவேளை, கடிகாரப்படி 12 மணி 40 நிமிட அளவில் நேர்கிறது. கடிகாரத்தை நம்புவதைவிட நிழலை நம்புவது மேல்.

சரிவில் இறங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள் எளியன. கைத்தடியைப் பனியில் ஊன்றிப் பாருங்கள். நுனி ஏறவே மறுத்தால் இன்னும் நேரம் ஆகவில்லை, காத்திருங்கள். சிறிது ஏறிக் கெட்டியான இடத்தில் நின்றால் பதம். தடை ஏதுமின்றிப் பிடிவரை இறங்கினால் காலம் கடந்துவிட்டது. பிறகு பலகையைக் கழற்றிக் காலணியோடு நின்று பாருங்கள். மேற்பரப்பு உங்களைத் தாங்கினால் நலம். கணுக்கால் வரை அமிழ்ந்தால் அச்சரிவை விட்டு அகல வேண்டும். முழங்கால் வரை அமிழ்ந்தால் அங்கு வந்திருக்கவே கூடாது.

காதும் ஒரு கருவிதான். பலகையின்கீழ்ப் பனி கரகர என்று ஒலித்தால் அது இறுகிய பனி. சரசர என்று மெல்ல ஒலித்தால் பதமான பனி. ஒலி அடங்கிச் சதசத என்று காலடியிற் குழைந்தால் வீடு திரும்பும் வேளை வந்துவிட்டது என்று பொருள். குழைந்த பனியைப் புதிதாய்க் கற்போர் அஞ்சுவதில்லை. மெத்தென்று இருக்கிறதே என்று மகிழ்கின்றனர். ஆனால் களைத்த கால் திரும்ப முயலும்போது, கனத்த பனி பலகையைப் பிடித்துக்கொள்ள, உடல் மட்டும் திரும்பி முழங்கால் முறுக்கிக்கொள்வது அந்நேரத்திலேதான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. மலைப்பனிக்கு அப்பழமொழி பொருந்தாது. பானையிலுள்ள சோறெல்லாம் ஒரே நெருப்பில் வெந்தது. மலையிலுள்ள பனி அப்படியன்று. ஒரு முகட்டின் இப்பக்கம் பதமாக இருக்கும்போதே அப்பக்கம் பாறைபோல் இருக்கும். ஐம்பது அடி கீழே மரநிழலில் வேறாக இருக்கும். வெயிலிற் சூடேறிய பாறையின் அருகே உள்ளே குழிந்து பொள்ளலாக இருக்கும். எனவே ஒவ்வொரு திருப்பத்திலும் புதிதாகச் சோதிப்பவனே மலையை அறிந்தவன்.

இதுவரை கூறியது இன்பத்தைப் பற்றியது. இனிக் கூறுவது உயிரைப் பற்றியது. உருகிய நீர் மேற்பரப்போடு நிற்பதில்லை. அது துகள்களினூடே கீழிறங்கி, உள்ளே பழைய பாளமொன்றைச் சந்தித்து, அதன்மேல் படர்கிறது. அப்போது மேலுள்ள அடுக்கைப் பிடித்திருந்த பிணைப்புத் தளர்கிறது. அதன் விளைவே ஈரப் பனிச்சரிவு. உலர்ந்த பனிச்சரிவுபோல் அது புழுதி கிளப்பிப் பாய்வதில்லை. காய்ந்துவரும் சிமெண்டுக் கலவைபோல் மெல்ல வந்தாலும், அதில் அகப்பட்டவர் கையை அசைக்கவும் இயலாது.

அது வருமுன் அறிவிப்புச் செய்கிறது. பாறைகளின் அருகிலிருந்தும் மரங்களின் அடியிலிருந்தும் சிறு சிறு பனியுருண்டைகள் தாமே உருண்டு வருவது முதல் அறிகுறி. சரிவின் குறுக்கே வாய்பிளந்த வெடிப்புகள் தோன்றுவது இரண்டாவது. காலடியிற் பனி திடீரென்று உள்வாங்கி உம் என்று அமுங்கிய ஒலி எழுவது மூன்றாவது. அண்மையில் வேறொரு சரிவிலிருந்து பனி இறங்கிய தடம் காண்பது நான்காவது. இவற்றுள் ஒன்று கண்டாலும் செங்குத்தான சரிவுகளை விட்டு, அவற்றின் அடிவாரத்தையும் விட்டு, விலகிவிடுதல் வேண்டும். பனியின்மீது மழை பெய்த நாளும், புதுப்பனி விழுந்தபின் முதன்முறை வெயில் சுடும் நாளும் மிக்க எச்சரிக்கைக்கு உரியவை. மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து வரும் மேற்கத்திய வானிலைக் குலைவுகள் மார்ச்சிலும் ஏப்ரலிலும் காஷ்மீரத்துக்கு மழையையும் பனியையும் கொண்டுவருகின்றன. ஆகையால் இளவெயிற் காலமென்று எண்ணி இவற்றை மறந்துவிடலாகாது.

குளிர்காலப் பனிச்சரிவும் அதே மலையிலேயே நிகழ்கிறது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், அபர்வத் மலையில் போலந்து நாட்டினர் இருவர் பனிச்சரிவில் உயிரிழந்தனர். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் குல்மார்க்கிற் பனியே அரிதாயிருந்தது. பிப்ரவரியில் மிகுந்த பனி ஒருங்கே வீழ்ந்தது. 22ஆம் நாள் ரஷிய நாட்டினர் ஒருவர் பனிச்சரிவில் மாண்டார். நெடுநாட் பனியின்றி இருந்தபின் கனமாக வீழும் பனி மகிழ்ச்சி தருவதுதான். ஆனால் பழைய நலிந்த அடுக்கின்மேல் அது நன்கு பற்றுவதில்லை என்பதை மறக்கலாகாது. குல்மார்க்கிலுள்ள பனிச்சரிவுக் காவற்குழுவினர் எப்பகுதி திறந்துள்ளது, எப்பகுதி மூடியுள்ளது என்று அறிவிக்கின்றனர். சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையமும் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. காவலெல்லைக்கு அப்பாற் செல்வோர் ஒவ்வொருவரும், புதைந்தவரைத் தேட உதவும் கையடக்க வானொலிக் கருவி, நீண்ட துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் உடன் கொண்டிருத்தல் வேண்டும். புதைந்தவரை மீட்க முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களே பொன்னான காலம். வெளியிலிருந்து உதவி வரும்வரை அது காத்திராது. புதிதாய்க் கற்போர்க்கோ புல்வெளிச் சரிவே போதும். மேலே செல்ல வேண்டிய தேவையே இல்லை.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் நூற்றுக்கு 80 பங்கு வரை திருப்பி அனுப்புகிறது. உயரம் ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் அக்கதிர்களின் வலிமை நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு மிகுகிறது. மேகமூட்டமான நாளிலும் கருங்கண்ணாடி இன்றிக் குழந்தைகளை அழைத்துச் செல்லாதீர்கள். கண் எரிச்சல் சில மணி நேரம் கழிந்து, இரவிலேதான் வெளிப்படும்.

இத்தனை அடையாளங்களையும் அறிந்தோர் பலர். ஆயினும் தவறு நிகழ்கிறது. அதற்குக் காரணம் அறியாமை என்பதைவிட அவசரம் என்பதே பொருந்தும். நமக்கு அது விடுமுறையின் கடைசி நாள். செலவழித்த பணம் மனத்தை உறுத்துகிறது. டில்லிக்குத் திரும்பும் சீட்டு மறுநாளைக்கு வாங்கியாயிற்று. வழிகாட்டியாக வரும் உள்ளூர் இளைஞருக்கோ, பனி உள்ள சில மாதங்களின் கூலியே ஆண்டு வருவாயிற் பெரும்பங்கு. ஏறாத நாளுக்குக் கூலி இல்லையென்றால், இன்று வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நா எழுமா? இருவரும் மனத்துக்குள் ஐயங்கொண்டவாறே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மேலே செல்வார்கள்.

இதற்கு ஓர் எளிய வழியைக் கூற விரும்புகிறேன். முதல் நாள் மாலையிலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்: "நாளைக் காலை நீங்கள் பார்த்துவிட்டு, போக வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் கூலி உங்களுக்கு உண்டு." இவ்வொரு சொல், அவருடைய அறிவுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள போராட்டத்தைத் தீர்த்துவிடுகிறது. அதன்பின் அவர் உரைப்பது முற்றும் பனியைப் பற்றிய உண்மையாக இருக்கும். கண்டோலாவில் ஏறிச் சென்று, மேலே பனியைத் தொட்டுப் பார்த்து, அதே கண்டோலாவில் இறங்கி வருவதில் இழிவு ஒன்றும் இல்லை.

பருவமே மாறிவரும் இக்காலத்தில் இவ்வறிவு முன்னிலும் வேண்டப்படுகிறது. காஷ்மீர மக்கள் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் சில்லை கலான் என்றழைத்து, கடுங்குளிருக்கும் பெரும்பனிக்கும் உரிய காலமாகக் கொள்வர். அண்மை ஆண்டுகளில் அந்நாற்பது நாளும் வறண்டு கழிந்து, பனி பிந்தி வந்ததுண்டு. 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் பனிப் போட்டிகள் பிப்ரவரியில் நடைபெற வேண்டியவை. பனி போதாமையால் மார்ச்சு 9ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. இவ்வாறு குளிர்காலம் பிந்தப் பிந்த, தைமாதத்து உறுதியான பனியில் நடந்தவை மாசி பங்குனியின் மாறும் பனிக்கு வந்து சேர்கின்றன. பழைய அனுபவத்தை மட்டும் நம்பி இனி மலையேற இயலாது.

சுருங்கச் சொன்னால், இரவில் வானத்தைப் பாருங்கள், காலையில் நிழலைப் பாருங்கள், சரிவில் காலால் சோதியுங்கள், காதால் கேளுங்கள், முதல் அறிகுறி கண்டதும் விலகுங்கள். மலை எங்கும் போய்விடாது. விண்மீன் தெளிந்த ஓர் இரவு கழிந்தால், உறைந்து இறுகிய அதே பனி, மறுநாட் காலையில் உங்களுக்காகப் பதமாகிக் காத்திருக்கும்.